ஆர்ச்சர்ட் தெரு 97: ஒரு தையல்காரர் கட்டிய வீடு

கதவைச் சாத்தியதும் ஒன்றுமே தெரியவில்லை. வெளியே நல்ல வெயில், ஜூன் மாதத்து மத்தியானம், ஆனால் அந்த நடையில் எனக்குப் பக்கத்தில் நின்றவரின் முகம்கூடத் தெரியாத அளவுக்கு இருட்டு. சுற்றிக்காட்ட வந்த பெண் வேண்டுமென்றுதான் விளக்கை அணைத்திருந்தார். இந்த வீட்டைக் கட்டியபோது இங்கே விளக்கு கிடையாது, குழந்தையை இடுப்பிலும் தண்ணீர் வாளியைக் கையிலும் வைத்துக்கொண்டு இந்த இருட்டில்தான் மாடி ஏறியிருக்கிறார்கள் என்றார். நான் கையை நீட்டித் தடவினேன். மாடிப்படியின் மரக் கைப்பிடி தட்டுப்பட்டது. எத்தனையோ உள்ளங்கைகள் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்த மரம். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே தோன்றவில்லை.

நியூயார்க்கில், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், புரூம் தெருவுக்கும் டெலான்சி தெருவுக்கும் நடுவில் இருக்கிறது இந்த வீடு. ஆர்ச்சர்ட் தெரு, எண் 97. இப்போது இது ஒரு மியூசியம். 1863-ல் இதைக் கட்டியவர் லூகாஸ் குளோக்னர் என்ற ஜெர்மானியர். பிழைப்பு தேடிக் கடல் கடந்து வந்தவர், தொழில் தையல். (ஜெர்மனி என்று ஒரே நாடு அப்போது கிடையாது, அது 1871-ல்தான் உருவானது. பிரஷ்யா, பவேரியா, பாடன் என்று பல ராஜ்ஜியங்களிலிருந்து வந்தவர்களை நியூயார்க்காரர்கள் மொத்தமாக ஜெர்மானியர் என்றார்கள்.) ஐந்து மாடிச் செங்கல் கட்டடம், அதற்குக் கீழே தெருவிலிருந்து படியிறங்கிப் போகிற ஒரு நிலவறைத் தளம். மேலே மாடிக்கு நான்கு குடித்தனம் என்று 20 குடித்தனங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், குளோக்னர் தன் குடும்பத்தோடு இதே கட்டடத்தில் குடியிருந்தார் என்பது. வாடகை வசூலிக்க மட்டும் வந்து போகிறவர் இல்லை. அதே இருட்டு மாடிப்படி, அதே கொல்லைப்புறக் கழிப்பறை, அதே தண்ணீர்க் குழாய் அவருக்கும்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்து முன்னேறிய ஜெர்மன் கைத்தொழிலாளிகளின் வீடுகள் அமெரிக்காவில் நிறையவே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. வாஷிங்டனில் கிறிஸ்டியன் ஹாய்ரிக் வீடு இருக்கிறது, பீர் காய்ச்சும் தொழிலாளியாக வந்து பெரிய ஆலை முதலாளி ஆனவர். குவீன்ஸில் ஸ்டைன்வே மாளிகை இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் மரவேலை தெரிந்தவர், 1850-ல் பிள்ளைகளோடு வந்து இறங்கி, 1853-ல் பியானோ கம்பெனி தொடங்கினார். இவையெல்லாம் போய்ப் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கெல்லாம் தொழில் பின்னால் போய்விடுகிறது. சரவிளக்கும் செதுக்கிய மரமும்தான் கண்ணில் நிற்கின்றன, அந்த மனிதர் இருபது வயதில் என்ன வேலை செய்து சாப்பிட்டார் என்பது ஒரு வாசகத்தில் முடிந்துவிடுகிறது. ஆர்ச்சர்ட் தெருவில் அப்படி இல்லை. ஊசியும் நூலுமாகப் பிழைத்த ஒருவர் சேர்த்த காசு என்ன கட்டடமாக ஆனதோ அது அப்படியே நிற்கிறது.

எனக்கு இதில் தனிப்பட்ட ஓர் ஈடுபாடும் உண்டு. என் அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தாள். முன்னறை ஜன்னலோரம் மெஷின், அதன் காலடியில் துணிப் பை, சுவரில் ஆணியடித்து மாட்டிய அளவு நாடா. நாங்கள் வெறுங்காலோடு ஓடுவோம் என்பதால் இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுப்பாள், குண்டூசிகள் கொத்தாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வேலையை என்னிடம் கொடுத்த நாளெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அதனால் தையல்காரர் வீடு என்று எங்கேயாவது படித்தால் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். ஒரு குடித்தனம் என்பது மூன்று அறை: தெருவையோ கொல்லையையோ பார்த்த ஒரு கூடம், நடுவில் சமையலறை, உள்ளே ஒரு சின்னப் படுக்கையறை. மூன்றும் சேர்ந்து சுமார் 325 சதுர அடி. கூடத்துக்கு மட்டும்தான் வெளியே பார்க்கிற ஜன்னல், மற்ற இரண்டு அறைகளுக்கும் அங்கிருந்து கதவு வழியாக வந்து சேர்கிற வெளிச்சம்தான். உள்ளே தண்ணீர் கிடையாது. கழிப்பறை கொல்லையில். நகரத்தில் 1842-லிருந்தே குரோட்டன் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்துகொண்டிருந்தது, பணக்காரர் வீடுகளில் அது மாடி வரைக்கும் ஏறியது. குளோக்னர் தன் கட்டடத்தில் அதை மேலே ஏற்றவில்லை. ஏற்றியாக வேண்டும் என்று 1863-ல் எந்தச் சட்டமும் சொல்லவில்லை, வாடகைக் கட்டடங்களில் அப்போது பொதுவாக யாரும் செய்யவும் இல்லை.

இதைப் படிக்கும்போது அவர்மேல் கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. அப்புறம் அவரும் அவர் மனைவியும் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு அதே படியில் ஏறியிருப்பார்கள் என்று நினைத்தபோது என்ன நினைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரை நல்லவர், கெட்டவர் என்று எந்தப் பக்கம் வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. தையலில் வருகிற காசை நம்பி முதுமையைக் கழிக்க முடியாது என்று தெரிந்த ஒருவர், கண் மங்குவதற்குள் நிலையான ஒரு வருமானம் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். தையல்காரருக்குக் கண்தான் முதலில் போகும், இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு வருஷம் கழித்து, 1867-ல், நியூயார்க் மாநிலம் முதல்முறையாக இந்த மாதிரிக் கட்டடங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. டெனமென்ட் என்றால் என்ன என்று அது வரையறுத்த விதம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது: மூன்று குடும்பங்களுக்கு மேல் ஒரே கட்டடத்தில் தனித்தனியாக வாழ்ந்து, தனித்தனியாகச் சமைத்துக்கொண்டால் அது டெனமென்ட். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் எத்தனை உலை கொதிக்கிறது என்று எண்ணியிருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டம் தீ விபத்தில் தப்பிக்க வெளிப்புறப் படி கேட்டது, 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்க வேண்டும் என்றது. அதுவே அன்றைக்குப் பெரிய முன்னேற்றம்.

அந்த வட்டாரத்துக்கு அப்போது கிளைன்டாய்ச்லாண்ட் என்று பெயர், சின்ன ஜெர்மனி. பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் அடுத்தபடியாக உலகத்தில் ஜெர்மன் பேசுகிறவர்கள் அதிகம் இருந்த நகரம் நியூயார்க் என்றே சொல்வார்கள். ரொட்டிக்கடை, பாட்டுக் குழுக்கள், உடற்பயிற்சிக் கழகங்கள், ஜெர்மன் நாளிதழ் என்று எல்லாமே இருந்தது. இரண்டாம் அவென்யூவில் 1884-ல் திறந்த ஓட்டன்டார்ஃபர் நூலகம் இன்றைக்கும் இயங்குகிறது, வாசலுக்கு மேலே இலவச நூலகமும் படிப்பகமும் என்று ஜெர்மன் மொழியில் பொறித்த எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. அந்த வேலை நாட்களில் தெருவில் நடந்திருந்தால் தையல்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர், சுருட்டுச் சுற்றுபவர் என்று எல்லோரையும் பார்த்திருக்கலாம், அதிலும் ஜெர்மானியரிடையே தையல் மிகப் பரவலான தொழில்.

குளோக்னர் வீட்டின் நிலவறைத் தளத்தில் 1864-லிருந்து ஷ்னைடர் தம்பதியின் பீர்க் கடை இருந்தது. கணவர் ஜான் பவேரியாக்காரர், மனைவி கரோலின் பிரஷ்யாவைச் சேர்ந்தவர். பீர்க் கடை என்றதும் நமக்கு வேறு சித்திரம் வரும், ஆனால் இங்கே ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு குடும்பமாக வந்து உட்காருவார்கள், கடைக்குப் பின்னாலிருந்த அறையில் சங்கக் கூட்டங்கள் நடக்கும், குடிக்க வாங்கினால் சாப்பாடு இலவசம். அந்தச் சாப்பாட்டைப் பின்னால் சின்னச் சமையலறையில் நின்று சமைத்தவர் கரோலின். கல்லாவையும் மேஜைகளையும் மியூசியக்காரர்கள் திரும்ப அமைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெரிய அறையைவிடப் பின்னாலிருந்த சமையலறையில்தான் அதிக நேரம் நிற்கத் தோன்றியது. கரோலின் 1885-ல் காசநோயில் இறந்தார், அடுத்த வருஷம் கடை மூடப்பட்டது.

மேலே குடியிருந்தவர்களில் என்னை விட்டு அகலாதவர் நட்டாலி கும்பெர்ட்ஸ். பிரஷ்யாவின் ஓர்ட்டல்ஸ்பர்க்கிலிருந்து வந்த யூதப் பெண். கணவர் ஜூலியஸ் செருப்புக் குதி வெட்டும் தொழிலாளி. 1870-ல் இந்த வீட்டுக்குக் குடி வந்தார்கள். 1873-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி, வங்கிகள் விழுந்தன, நகரமெங்கும் வேலை போயிற்று. 1874 அக்டோபர் 7 அன்று ஜூலியஸ் வேலைக்கென்று கிளம்பினார், அதன்பின் அவர் வீடு திரும்பவில்லை. ரோசா, நானி, ஓல்கா என்று மூன்று பெண்கள், ஐசக் என்று ஒரு கைக்குழந்தை. அந்தப் பையன் தங்கவில்லை. நட்டாலி கூடத்து ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பெண்களுக்கு உடை தைக்க ஆரம்பித்தார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது என்றால், ஒரு நீதிமன்றக் காகிதத்தால்தான். 1883-ல் ஜூலியஸின் அப்பா விட்டுப்போன சொத்தில் 600 டாலர் பங்கு வந்தது, அதை நட்டாலி வாங்க வேண்டுமென்றால் கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். அதற்காக அவர் மனுப் போட்டார். காணாமல்போன தேதி, தேடிய விவரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. ஒன்பது வருஷம் காத்திருந்த மனைவி, இனி அவர் உயிரோடு இல்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பணம் கிடைத்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் வடக்கே யார்க்வில் பகுதிக்குப் போய்விட்டார்.

அவர் குடியிருந்த வீட்டை மியூசியம் திரும்ப அமைத்திருக்கிறது. நான் வாசலில் நின்று பார்த்த முதல் இரண்டு நிமிஷம் எனக்குப் பேச்சே வரவில்லை. கூடம் முழுவதும் தொழில்தான். மெஷின், துணி, உடை மாட்டி வைக்கிற உருவம். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் உட்காருவதற்காகக் கொஞ்சம் இடம் ஒழித்து வைத்திருப்பார்கள், பிள்ளைகள் உள்ளறைக்குப் போய்விட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். அளவு கொடுக்க யாராவது வந்துவிட்டால் பாடப் புத்தகத்தோடு சமையலறைக்கு ஓடிவிடுவோம், அவர்கள் துணியின் மேல் எங்கள் கை படக் கூடாது. அந்தக் கூடத்தைத் தாண்டி இருட்டாகத் தெரிந்த சமையலறையில் மூன்று பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடிந்தது, சத்தியமாக.

நட்டாலி போனபின்னும் தையல் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. நான் சொல்ல வந்ததே இதைத்தான். 1890-களில் போலந்திலிருந்து வந்த ஹாரிஸ், ஜென்னி லெவின் தம்பதி இதே மூன்று அறையில் ஒரு தையல் பட்டறையே நடத்தினார்கள். கூடத்தில் மெஷின், பக்கத்தில் ஓட்டுத்தையல் போடுகிறவரும் கைவேலை முடிக்கிறவரும். இஸ்திரி போடுகிற ஆள் மட்டும் சமையலறையில், ஏனென்றால் இரும்பைக் காய்ச்ச அடுப்பு வேண்டும். அதே அடுப்பில்தான் ஜென்னி சமைத்தாக வேண்டும், அதே அறையில்தான் குழந்தை அழும். கோடையில் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே மூச்சு முட்டுகிறது. தொழிற்சாலை ஆய்வாளர்கள் வந்து பார்த்து எழுதிய அறிக்கைகளில் இந்தப் பட்டறை இடம்பெற்றிருக்கிறது, ஒரு மூன்றறைக் குடித்தனம் அரசாங்கத்தின் கணக்கில் தொழிற்சாலை.

அதற்கப்புறம் லித்துவேனியாவிலிருந்து வந்த ரோகர்ஷெவ்ஸ்கி குடும்பம். வீட்டுத் தலைவர் ஆபிரகாம் ஆயத்த ஆடைப் பட்டறையில் இஸ்திரி போடுபவர். 1918-ல் காசநோயில் இறந்தார், தையல்காரர் வியாதி என்றே அதற்கு அந்த வட்டாரத்தில் பெயர். மனைவி ஃபேன்னி வாடகைக்குப் பதிலாகக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒப்புக்கொண்டார். கடைசியில் சிசிலியிலிருந்து வந்த பால்டிஸ்ஸி குடும்பம். அப்பா அடோல்ஃபோ தச்சர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் அவருக்கு வேலை கிடைக்காதபோது அம்மா ரொசாரியா ஆலைக்குப் போய்க் கோட்டுகளுக்கு உள்துணி தைத்தார். 1863-ல் தையல்காரர் கட்டிய வீடு, 1935-ல் கடைசியாகக் காலி செய்தவர்களில் ஒருத்தியும் தையல்காரி. நடுவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய 7,000 பேர் இங்கே வாழ்ந்து போயிருக்கிறார்கள், மொழி மாறியது, சாமி மாறியது, சாப்பாடு மாறியது, ஊசி மட்டும் கையில் இருந்தது.

கட்டடமும் மாறிக்கொண்டேதான் வந்தது. 1901-ல் வந்த கடுமையான புதுச் சட்டம் உள்ளறைகளுக்கும் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்றது, கழிப்பறை உள்ளேயே வேண்டும் என்றது. அதன்படி இங்கே மாடிக்கு இரண்டு கழிப்பறைகள் நடையில் வந்தன. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தார்கள். இந்த ஜன்னலை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். வெளியே திறக்காத ஜன்னல், வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்ளேயே பார்க்கிறது, சட்டமும் கண்ணாடியுமாகப் பக்கா ஜன்னல். முதல் பார்வையில் எதற்கென்று புரியவில்லை. அப்புறம் சமையலறைப் பக்கம் போய் நின்றபோது, கூடத்துத் தெரு வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து மேடைமேல் விழுந்தது, ஒரு தட்டு அகலத்துக்கு. நாற்பது வருஷம் இந்த அறையில் அரிந்தவர்கள், காய்ச்சியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் யாருக்கும் கிடைக்காத வெளிச்சம் அது.

1935-ல் வீட்டுக்காரருக்கு இன்னும் செலவு செய்யச் சொல்லி விதிகள் வந்தன. தீப்பிடிக்காத படிக்கட்டு வேண்டும், மரப்படி ஆகாது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொன்னார். கீழே கடைகள் மட்டும் நடந்தன, மாடிகள் அப்படியே பூட்டிக் கிடந்தன. குடித்தனக்காரர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூட்டினால்தான் இன்றைக்கு எல்லாம் மிஞ்சியிருக்கிறது. மற்ற வீடுகளைப் புதுப்பித்தார்கள், இடித்தார்கள், இதை யாரும் தொடவில்லை. 1988-ல் ரூத் ஆப்ராம், அனிதா ஜேக்கப்சன் என்ற இரண்டு பெண்கள், குடியேறியவர்களுக்காக ஒரு மியூசியம் வைக்க இடம் தேடிக்கொண்டு வந்தார்கள். வாடகைக்கு விடுவதாக இருந்த கடையைப் பார்க்க வந்த இடத்தில், பின்னாலிருந்த நடைக்குள் கால் வைத்தபோது அந்த மரக் கைப்பிடியும் மங்கிய சுவர்களும் கண்ணில் பட்டிருக்கின்றன. அரை நூற்றாண்டாக அங்கேயே நின்றிருந்தது. 1994-ல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

திரும்ப அமைக்காமல் கண்டெடுத்தபடியே விட்டுவைத்த சில அறைகளும் உண்டு. என்னைக் கேட்டால் அவற்றைத் தவற விடக் கூடாது. சுவரில் காகிதம் உரிந்து தொங்குகிறது, அதன் கீழே இன்னொரு காகிதம், பூ போட்டது, அதன் கீழே கோடு போட்டது, அதன் கீழே பச்சை. புதிதாகக் குடி வந்த ஒவ்வொருவரும் பழையதைக் கிழிக்காமல் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். உரிந்த விளிம்பைப் பக்கத்திலிருந்து பார்த்தால் துணிக்கடையில் அடுக்கிய துணிச் சுருள்கள் மாதிரி இருக்கிறது. நகரத்திலேயே நெருக்கமான பகுதியில், ஒரு கட்டத்தில் நூறு பேருக்கு மேல் அடைந்து கிடந்த கட்டடத்தில், கையில் காசு இல்லாதவர்கள் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் வாங்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.

வெளியே வந்து வடக்கே டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்கா வரை நடந்தேன். ஜெனரல் ஸ்லோகம் கப்பல் விபத்துக்கு அங்கே ஒரு சின்ன நினைவு நீரூற்று இருக்கிறது. 1904 ஜூன் 15, ஆறாம் தெருவில் இருந்த ஜெர்மன் லூத்தரன் தேவாலயத்தார் குடும்பமாகச் சுற்றுலா கிளம்பிய நீராவிக் கப்பல் கிழக்கு ஆற்றில் தீப்பிடித்து 1,021 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வேலை நாள் என்பதால் அப்பாக்கள் பட்டறையில் இருந்தார்கள். அதற்கு முன்பே ஜெர்மானியர்கள் யார்க்வில் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்கள், அதன்பின் மிச்சமிருந்தவர்களும் போனார்கள். அந்தத் தெருக்களில் இப்போது ஜெர்மன் பேச்சு காதில் விழுவதில்லை. குளோக்னர் கட்டிய செங்கல்லும் நூலகத்து வாசல் எழுத்தும் இந்த நீரூற்றும் இருக்கின்றன.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நட்டாலியைப் பற்றிச் சொல்லும்போது இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலியஸ் ஏன் போனார் என்றும் கேட்கவில்லை. ஜன்னலோரம் மெஷின் போட்டிருந்தது என்றேன். "வெளிச்சம் இடது கைப் பக்கமிருந்து வருதா, வலது பக்கமிருந்தா?" என்று கேட்டாள். வலது பக்கமிருந்து வந்தால் கை நிழல் ஊசிமேல் விழுமாம், சாயங்காலமானால் தையல் கோணிவிடுமாம். நான் அதைக் கவனிக்கவில்லை என்றேன். "அடுத்த தடவை போனா பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.